சோமா மிஸ்ஸின் டைமிங் செயின்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சோமா மிஸ் தன் பைக்கை என் கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம்.

"பாஸ், இது எப்பவும் போடுற சத்தம்தானே?"

"எப்பவும் போடுறதுதான் மிஸ். ஆனா முன்னாடி நடுவுல மூச்சு விடும். இப்ப விடாம போடுது."

"வயசாச்சு. எனக்கும்தான் முட்டியில சத்தம் வருது. அதுக்காக நான் என்ன கராஜுக்கா போறேன்?"

எங்கள் சந்திக்கு மேலே மூன்று மலை. மூன்றுக்கும் ஒரே மிட்வைஃப் சோமா மிஸ்தான். ஐம்பத்திரண்டு வயது. வெள்ளைச் சீருடைக்குக் கீழே கறுப்புக் காற்சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், முதுகில் பை. அவருடைய பைக் இரண்டு சிலிண்டர் வைத்த பழைய ஜப்பான் வண்டி, இருநூறு சிசி. ஸ்கூட்டர் வாங்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தாயிற்று. "மேட்டுல அது பின்னாடி உருண்டு வந்து, என்னைத்தான் முதல்ல ஆஸ்பத்திரியில சேக்கும்" என்பார்.

எஞ்சினின் பின்பக்கம் ஒரு சின்ன நட்டு இருக்கிறது. அதைத் தளர்த்தினால் உள்ளேயிருக்கும் சுருள்வில் தானாக முன்னே தள்ளி டைமிங் செயினை இறுக்கும். தளர்த்தினேன். சத்தம் ஒரு துளிகூடக் குறையவில்லை. வில்லுக்குத் தள்ள இனி இடமில்லை என்று அர்த்தம். அந்தச் செயின் கீழே க்ராங்கிலிருந்து மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு வரைக்கும் இரண்டு சிலிண்டருக்கும் நடுவால் ஓடுகிறது. ஆடாமல் ஓடுவதற்கு முன்னால் ஒரு பட்டை, பின்னால் ஒரு பட்டை, ரப்பர் ஒட்டியது. அதைத்தான் கைடு என்கிறோம். ரப்பர் தேய்ந்தால் செயின் சுவரில் அடிக்கும். இன்னும் விட்டால் பல் தாண்டும். பல் தாண்டினால் வால்வு வளைந்து, எஞ்சின் அந்த இடத்திலேயே நிற்கும்.

"விட்டுட்டுப் போங்க மிஸ். சனிக்கிழமை தர்றேன்."

"நாலு நாளா? நாளன்னைக்குக் கிளினிக். மேல சுஜீவாவுக்கு எட்டாம் மாசம் முடியப் போகுது, ப்ரெஷர் பாக்கணும்."

"பஸ் இருக்கே."

"பஸ் புத்தர் பன்சலை வரைக்கும்தான். அதுக்கு மேல பஸ்ஸும் ஏறாது, புத்தியுள்ள மாடும் ஏறாது."

சொல்லிவிட்டுச் சாவியை என் கையில் போட்டுவிட்டு நடந்தார். அவர் போவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்துக்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். போன வருஷம் வால்வு வேலைக்காக இதே எஞ்சினின் மேல் மூடியைத் திறந்தபோதே பின் கைடின் ரப்பர் பலகை மாதிரி இறுகிப்போயிருந்ததை நான் பார்த்தேன். புதிது கைவசம் இல்லை, வேலையும் அவசரம். இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று மூடிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

எண்ணெயை வடித்ததும் பயம் வந்தது. வறுத்த கடலையின் தோல் மாதிரி கறுப்புச் சீவல்கள் மிதந்தன. டாங்க், கார்ப்பரேட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றி ஓரம் வைத்துவிட்டு மேல் மூடியைத் தூக்கினேன். செயினை ஒரு விரலால் தொட்டேன், கொடிக்கயிறு மாதிரி தொங்கி ஆடியது. டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தேன். முன் கைடில் வண்டிப்பாதை மாதிரி இரண்டு ஆழமான தடம். பின் கைடில் கீழ்ப்பக்கத்து ரப்பரையே காணவில்லை, வெறும் தகடு மின்னியது.

பக்கத்து மூடியைக் கழற்றி, ஸ்பானரால் க்ராங்கைத் திருப்பி, சக்கரத்தில் பிஸ்டன் உச்சியைக் காட்டும் 'T' கோட்டை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தேன். மேலே பல்சக்கரத்தில் இருக்கும் கோடு ஹெட்டின் விளிம்போடு சமமாக நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, வெள்ளை பெயின்ட் ஒரு பொட்டு வைத்தேன். அந்தச் சக்கரத்தைப் பிடித்திருப்பவை இரண்டே இரண்டு போல்ட். ஒன்று கைதவறி உள்ளே விழுந்தால் அன்றைய பொழுது போச்சு. ஓட்டையில் துணியை அடைத்துவிட்டுத்தான் கழற்றினேன். செயின் உள்ளே விழாமல் கம்பியால் ஹேண்டிலில் கட்டினேன். ஹெட்டையும் அதன் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பாரலையும் தூக்கி எடுத்தபோது மதியம் இரண்டு மணி. செயினை அளவுகோலில் வைத்துப் பார்த்தேன், நீளவில்லை. அந்த மட்டில் புண்ணியம்.

என் மனைவி மனெல் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து, கழற்றி வைத்த சாமான்களைப் பார்த்தாள்.

"இதுல எதையாவது திரும்பப் பூட்டாம மிச்சம் வெச்சிடாதீங்க. அந்தப் பொம்பள இல்லாட்டி நம்ம ரெண்டும் உயிரோட வந்திருக்காதுங்க."

எங்கள் மகன்கள் இருவரையும் சொன்னாள். எனக்கு இன்னும் கொஞ்சம் உறைத்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன், வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு. பழைய கைடுகள் இரண்டையும் பேப்பரில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். ஐந்து கடையில் இல்லை. ஆறாவது கடையில் ஒரு தடித்த முதலாளி உள்ளே போய், தூசி படிந்த உறை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"கம்பனி சாமான். உறையே பிரிக்கல. இருபது வருஷமா பத்திரமா வெச்சிருக்கேன், உங்களை மாதிரி ஒருத்தர் வருவாருன்னு."

பிரித்துப் பார்த்தேன். நீளம் சரி, வளைவு சரி, போல்ட் ஓட்டையும் சரி. பெருவிரல் நகத்தால் ரப்பரை அழுத்தினேன். நகம் இறங்கவில்லை.

"முதலாளி, இது தூங்கித் தூங்கியே செத்துப் போச்சு."

"உறை பிரிக்காத சாமானைச் செத்துப் போச்சுங்கிறீங்களே."

"ரப்பருக்கு உறையில இருக்கோம்னு தெரியுமா? வயசு அதுபாட்டுக்கு ஏறும். வேற இருந்தா காட்டுங்க."

அவர் முறைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே இன்னொரு ஜோடியை எடுத்துப் போட்டார். பெயர் தெரியாத கம்பனி, இந்த வருஷத்துச் சரக்கு. நகத்தை அழுத்தினேன். தடம் விழுந்தது. கையை எடுத்ததும் மெதுவாக நிமிர்ந்து வந்தது. பழையதையும் புதியதையும் முதுகோடு முதுகு ஒட்டி வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நடுவில் ஒளி தெரியவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

சிக்கல் வியாழக்கிழமைதான் வந்தது. பாரல் இருந்த வாயில் டார்ச் அடித்துத் தேடியபோது, பின் கைடிலிருந்து உடைந்த ரப்பரின் பெரிய துண்டு க்ராங்க் பல்லுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிக் கிடந்தது. காந்தத்துக்கு ரப்பர் வராது. என் விரல் உள்ளே நுழையாது. குறடு போனால் வாய் திறக்க இடமில்லை. க்ராங்கைத் திருப்பினால் துண்டு இன்னும் ஆழமாக இறுகும். எஞ்சினை இரண்டாகப் பிளப்பதுதான் வழி. அப்படியானால் அடுத்த வாரம்தான் முடியும்.

கிளினிக் முடித்துவிட்டு மிஸ் வந்தார். பூட்ஸ் முழுக்கச் சேறு. மனெல் கொடுத்த வெறுந்தேநீரைக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே குடித்தார். நான் நிலைமையைச் சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு, எஞ்சின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தார்.

"தெரியுது. தலைகீழா இருக்கு."

"கைக்கு வராது மிஸ்."

"உங்க கைக்கு வராது. அது கையா, வாழைச்சீப்பா? டார்ச்சைப் பிடிங்க."

பையிலிருந்து துணிச் சுருள் ஒன்றை எடுத்தார். அதற்குள் நீளமான மெல்லிய கத்தரி மாதிரி ஒரு கவ்வி. வீட்டுப் பிரசவம் பார்த்த காலத்தில் தொப்புள்கொடியைக் கவ்வ வைத்திருந்ததாம். இப்போது எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள், ஆனாலும் பையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை என்றார். முழங்கையைத் தொடையில் ஊன்றி, கவ்வியை உள்ளே விட்டார்.

"டார்ச் ஆடுது பாஸ்."

"ஆடல மிஸ்."

"ஆடுது. மூச்சை விட்டுட்டுப் பிடிங்க."

முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை பிடித்தார், ஆனால் இழுக்கவில்லை. இடதுபக்கம் கொஞ்சம், வலதுபக்கம் கொஞ்சம் என்று அசைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை போயிற்று. அவருக்குப் போகவில்லை. பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி, துண்டு வெளியே வந்தது. சுண்டுவிரல் நீளம்.

அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இது கல்லு மாதிரி இருக்கே. ஒரு மாசத்துல இப்படி ஆகிற சாமான் இல்லையே இது?"

நான் டார்ச்சை அணைத்தேன்.

"இல்ல மிஸ். போன வருஷமே பாத்தேன். புதுசு இல்லாததால அப்படியே மூடிட்டேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."

மனெல் என்னைப் பார்த்தாள். மிஸ் அந்தத் துண்டைக் கீழே வைத்தார்.

"சொல்லியிருந்தா மட்டும் நான் என்ன பண்ணியிருப்பேன்? ஓட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்" என்றார். பிறகு, "ஆனா மழை நாள்ல அந்த மூணாவது வளைவுல மெதுவா ஓட்டியிருப்பேன். இனிமே பாத்ததைச் சொல்லிடுங்க பாஸ்" என்றார்.

"சொல்றேன் மிஸ்."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு லேசாக இருந்திருக்காது.

துண்டு வந்துவிட்டது, நாளை பூட்டிவிடலாம் என்று நான் கையைத் துடைத்தேன். மிஸ் எழுந்திருக்கவில்லை.

"மத்தத் துண்டெல்லாம் எங்க?"

எண்ணெயில் வந்த சீவல்களையும் இரண்டு துண்டுகளையும் காட்டினேன். ஒரு பழைய பேப்பரை விரிக்கச் சொன்னார். பழைய கைடை நடுவில் வைத்து, உடைந்த துண்டுகளை அதன்மேல் ஒவ்வொன்றாகப் பொருத்த ஆரம்பித்தார்.

"இது எதுக்கு மிஸ்?"

"பிள்ளை பிறந்ததும் வேலை முடிஞ்சுதுன்னு வெளியில நிக்கிறவங்க நெனைப்பாங்க. நஞ்சுக்கொடி முழுசா வந்துச்சான்னு விரிச்சு வெச்சுப் பாக்கணும். ஒரு துண்டு உள்ள நின்னுடுச்சுன்னா, தாய் சிரிச்சுப் பேசிக்கிட்டேதான் இருப்பா. பொழுது சாயறதுக்குள்ள போயிடுவா."

மூன்று துண்டும் பொருந்தின. கீழ் ஓரத்தில் நகம் அளவு ஒரு மூலை மட்டும் இல்லை. எண்ணெய்ச் சட்டியை மறுபடி துழாவினோம். துணிகளை உதறினோம். இல்லை. மீதி ஓர் இடம்தான்: எண்ணெய்ப் பம்பின் வலை. அதைப் பார்க்க வேண்டுமென்றால் வலதுபக்க மூடியைக் கழற்ற வேண்டும். உண்மையைச் சொன்னால், மிஸ் அங்கே இல்லாதிருந்தால் கழற்றியிருக்க மாட்டேன்.

கழற்றினேன். வலையில் பாதி கறுப்புச் சீவலால் மூடியிருந்தது. நடுவில், உறிஞ்சி இழுத்து ஒட்டவைத்த மாதிரி, அந்த மூலை. இப்படியே பூட்டியிருந்தால் மேலே வால்வு தண்டுக்கு எண்ணெய் ஏறாமல் புதுக் கைடோடு புது எஞ்சினே தேட வேண்டி வந்திருக்கும். மிஸ் அதை எடுத்து பேப்பரில் அதன் இடத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அப்புறம்தான் எழுந்து முதுகை நிமிர்த்தினார்.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை. கராஜுக்கு வேறு வேலை வரவில்லை. நிதானமாகப் பூட்டினேன். பின் கைடை அதன் போல்ட்டில் மாட்டி, தடையில்லாமல் ஆடுகிறதா என்று பார்த்தேன். ரப்பரில் புது எண்ணெய் தடவினேன். பாரலை இறக்கினேன். முன் கைடின் அடி அதன் குழியில் போய் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் மூடி போட்டதும் வளைந்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்து, விரலால் மேலே அழுத்தி, உட்கார்ந்த பிறகே ஹெட்டை வைத்தேன். 'T' கோடு, வெள்ளைப் பொட்டு, இரண்டு போல்ட். வில்லின் நட்டைத் தளர்த்தியதும் 'டக்' என்று உள்ளே ஒரு சின்னச் சத்தம். வில்லுக்கு மறுபடி இடம் கிடைத்துவிட்டது. நட்டை இறுக்கி, ஸ்பானரால் கையாலேயே இரண்டு சுற்று முழுசாகத் திருப்பினேன். எங்கேயும் முட்டவில்லை. கோடுகள் திரும்பத் தங்கள் இடத்தில் வந்து நின்றன.

சனிக்கிழமை காலையில் மிஸ் முன்னால் ஸ்டார்ட் செய்தேன். தையல் மெஷினிலிருந்து மனெல் தலையைத் தூக்கினாள்.

"ஸ்டார்ட் ஆகலையா?"

"ஆயிடுச்சு" என்றேன்.

மிஸ் எஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்தார். "இது என் பைக்கே இல்ல. ஏறுங்க பாஸ், பின்னாடி. வழியில நின்னா யாரு தள்றது?"

பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். மேட்டில் வண்டி பூனை மாதிரி ஏறியது. ரப்பர் தோட்டத்தில் மழை சொட்டுவதுகூடக் கேட்டது. பன்சலை வளைவில் படுத்திருந்த நாய்கள் நாங்கள் கடந்து போன பிறகுதான் எழுந்து பார்த்தன.

சுஜீவாவின் வீட்டு வேலிக்கருகே நிறுத்தினோம். அவள் கணவன் தம்புள்ளைக்கு லொறி ஓட்டுபவன், வாரக் கடைசியில்தான் வருவான். வீடு திறந்திருந்தது, ஆள் இல்லை. பின்பக்கம் கராம்பு மரத்தடியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. மரத்தில் சாத்தியிருந்த மூங்கில் ஏணியில், ஏழாவது எட்டாவது படியில், வயிற்றை ஒருபக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு சுஜீவா மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். மிஸ் என் கையை இறுக்கிப் பிடித்தார். சத்தமில்லாமல் போய் ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான், பக்கத்து வீட்டுக்காரி தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி, மெல்லக் கேட்டார்:

"நங்கி, இந்த வருஷம் மொட்டு நல்லா பிடிச்சிருக்கா?"

"பரவாயில்ல அக்கே" என்றாள் அவள், கீழே பார்க்காமலே. "இந்தப் பையைக் கொஞ்சம் வாங்கிக்கோங்க, இடிக்குது."

மிஸ் பையை வாங்கிக் கீழே வைத்தார். "இப்ப அந்தக் கையையும் குடு. மெதுவா. வலது கால் முதல்ல."

சுஜீவா குனிந்து பார்த்தாள். சொன்னபடியே இறங்கி வந்தாள். தரையில் நின்றதும்தான் அவள் முகம் மாறியது.

"மிஸ்... சத்தமே கேக்கலையே."

"என்ன சத்தம்?"

"பைக் சத்தம். பன்சலை வளைவுல வரும்போதே கேக்குமே. கேட்ட உடனே நாங்க எல்லாரும்..." நிறுத்திக்கொண்டாள்.

"எல்லாரும்?"

"பாயைப் போட்டுப் படுத்துக்குவோம்."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "ஏழு வருஷமா பாஸ். போற வீட்டுல எல்லாம் தாய்மார் அழகா ஓய்வெடுத்துக்கிட்டு இருப்பாங்க. வட்டாரக் கூட்டத்துல எனக்குப் பாராட்டு வேற குடுத்தாங்க."

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். சுஜீவா மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

உள்ளே கூட்டிப்போய் ப்ரெஷர் பார்த்தார். கொஞ்சம் ஏறியிருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எதுக்கு ஏறினே?" என்று மட்டும் கேட்டார்.

"மொட்டு விரிஞ்சு பூவாயிட்டா யாரும் எடுக்க மாட்டாங்க மிஸ். பறிக்கிற ஆளுங்க எல்லாம் பெரிய தோட்டத்துக்குப் போயிட்டாங்க. அவரு வர்றதுக்கு ராத்திரி ஆயிடும். இந்த மூணு மரமும் அம்மா என் பேருக்குக் குடுத்தது. இதுதான் எனக்குன்னு இருக்கு."

மிஸ் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாஸ், ஏணி ஏற வருமா?"

"மிஸ், நான் மெக்கானிக்."

"போன வருஷம் மேல் மூடியைத் திறந்து பாத்துட்டு..."

"ஏறுறேன் மிஸ்."

மிஸ் மற்ற வீடுகளுக்குப் போய்விட்டார். சுஜீவாவைப் பாயில் உட்கார்ந்து காம்பு கிள்ளுவதற்கு மட்டும் அனுமதித்திருந்தார். அவள் அங்கிருந்தே என்னை ஆட்டி வைத்தாள். "கொத்தோட கிள்ளுங்க பாஸ், கொப்பை முறிக்காதீங்க. அது அடுத்த வருஷத்துக்கு வேணும்." "சிவப்பு ஏறினது மட்டும்." "அது இலை பாஸ்." மதியம் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் தந்தாள். ஒரு மரம் முழுசாக, இன்னொன்றில் பாதி. மேலேயிருந்து பார்த்தால் மூன்று மலையும் தெரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் சத்தமில்லாமல் ஒரு வெள்ளைச் சீருடை போய்க்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு மிஸ் திரும்பி வந்தார். ஒருத்தியைக் கிணற்றடியில் இரண்டு குடத்தோடு பிடித்தாராம். இன்னொருத்தி விறகு பிளந்துகொண்டிருந்தாளாம். "ஒருத்திதான் நெஜமாவே படுத்திருந்தா. அவளுக்குக் காய்ச்சல்" என்றார். களைத்திருந்தார், ஆனால் முகத்தில் ஏதோ தெளிந்திருந்தது. சும்மா 'ஓய்வெடு' என்று சொல்லிவிட்டு வருவதில் பிரயோசனமில்லை, யாருக்கு என்ன வேலை மிச்சமிருக்கிறது, அதை யார் செய்வார்கள் என்று இனிமேல் கேட்டு எழுதப் போகிறேன் என்றார். அதன்படி அடுத்த வாரமே சுஜீவாவின் மூன்றாவது மரத்துக்குப் பன்சலை சங்கத்துப் பெண்கள் நாலு பேர் வந்தார்களாம். ஒன்பதாம் மாதம் முடியும்போது மாத்தளை ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் பிறந்தது. மூன்று கிலோவுக்கு மேல்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தோள் இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. கிணற்றடியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். மனெல் தட்டை வைக்கும்போது நின்று, என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"கராம்பு" என்றாள். "கல்யாணம் ஆகி பத்தொன்பது வருஷம். இன்னைக்குத்தான் இந்தக் கையில மண்ணெண்ணெய் இல்லாம ஒரு வாசனை."

கையை விடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சோறு கொஞ்சம் ஆறியது. ஆறட்டும் என்று இருந்தேன்.